அப்பா தைச்ச கேமராப் பை

1994ல் பழைய பென்டாக்ஸ் கே1000 ஒன்று வாங்கினேன். பேட்டரி ஒளி அளக்க மட்டுந்தான். தீர்ந்துபோனாலும் படம் எடுக்கலாம். உறை கிடையாது. அப்பா செருப்புத் தைத்து மிஞ்சிய தோலைச் சேர்த்து, உள்ளே கம்பளி வைத்து, மெழுகு நூலால் ஒரு பை தைத்துக் கொடுத்தார்.

கல்லூரிக் கூட்டாளியோட அக்கா கல்யாணம். அவன் பெரியப்பா பையைத் தடவிப் பார்த்தார். "சரக்கு ஒசத்தியா இருக்கே, எங்க வாங்குன?"

"அப்பா தைச்சது"ன்னேன்.

சட்டென்று கையை இழுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார். "பைய வெளிய வச்சிட்டு கேமராவ மட்டும் கொண்டா."

கூட்டாளி தலைகுனிந்து நின்றான். கேமராவுக்குத் தீட்டில்லை. அவர் காலில் கிடந்த செருப்புக்கும் தீட்டில்லை. தைத்த கைக்குத்தான்.

பையோடு திரும்பிவிட்டேன். 36 படத்தில் 2தான் எடுத்திருந்தேன். மிச்சம் 34ஐயும் எங்க தெருவில், எங்க சனத்தை எடுத்து முடித்தேன்.

தோல் ஈரம் இழுக்கும், லென்சில் பூஞ்சை பிடிக்கும், நைலான் பை வாங்கு என்கிறார்கள். உண்மைதான். வீட்டில் லென்சை சிலிகா ஜெல் போட்ட டப்பாவில் வைக்கிறேன். வெளியே கிளம்பினால் தோளில் அப்பா பைதான். யாரும் கேட்காவிட்டாலும் சொல்கிறேன், யார் தைச்சதுன்னு.