உப்பில்லாத சாம்பாருக்கு அதிக விலையா?



நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்த புதுச்சேரிக்காரன், அரசு வேலையில் கிளார்க்காகச் சேர்ந்து கிளார்க்காகவே ஓய்வு பெற்றவன் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். 2004 முதல் 2010 வரை, என் சர்வீஸின் கடைசி ஆறு வருடங்கள், வெளியூரில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஸ்டோர்ஸ் பிரிவில் கழிந்தன. பினாயில், பேப்பர் முதல் திரவ நைட்ரஜன் வரை எல்லா இண்டென்டும் என் மேஜை வழியாகத்தான் போகும். அவற்றில் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது செல் வளர்க்கும் மீடியம்.

மீடியம் என்றால் சோதனைச் சாலையில் வளர்க்கும் செல்களுக்கான சாப்பாடு. உப்பு, குளுக்கோஸ், வைட்டமின், அமினோ அமிலங்கள் எல்லாம் கணக்காகக் கரைத்த திரவம். பிரெஞ்சில் இதற்கு 'மிலியூ' என்று பெயர். சூழல் என்பதற்கும் அதே சொல்தான். உடம்பின் செல்கள் வாழும் உட்சூழலைப் பற்றி க்ளோத் பெர்னார் சொன்னதைப் பள்ளியில் படித்திருந்தேன். அதனால் இந்தப் பாட்டில்களைப் பார்த்ததும், உட்சூழலை வெளியே எடுத்து மூடி போட்டு விற்கிறார்கள் என்றுதான் தோன்றியது.

வழக்கமாக வாங்குவது டி.எம்.இ.எம். என்ற மீடியம். ஹாரி ஈகிள் வகுத்த கலவையை டல்பெக்கோ செறிவாக்கியது. ஒரு நாள் அதே மீடியத்தை 'லைசின், ஆர்ஜினின் நீக்கியது' என்று கேட்டு இண்டென்ட் வந்தது. விலை முழு மீடியத்தை விடப் பல மடங்கு. உப்பில்லாத சாம்பாருக்கு அதிக விலையா என்று எங்கள் பிரிவே சிரித்தது. கூடவே, சிறுநீரகம் பழுதானவருக்குச் செய்வது போல 'டயலிசிஸ்' செய்த கன்றுக் கரு சீரம். அதுவும் சாதாரண சீரத்தை விட விலை அதிகம்.

சில மாதங்களில் ஆடிட்டிலிருந்து ஹாஃப் மார்ஜின் மெமோ வந்தது. சாதாரண சீரம் கையிருப்பில் இருக்கும்போது இதை வாங்கியது ஏன்? பதில் திருப்தியாக இல்லையென்றால் அடுத்த ஆர்டர் நிற்கும். அந்த ஆராய்ச்சியைச் செய்துகொண்டிருந்த பெண்ணுக்கு ஃபெலோஷிப் முடிய ஒரு வருடம்தான் பாக்கி. பதில் எழுத வேண்டியவன் நான். விஞ்ஞானி மேடத்தின் அறைக்குப் போய், "எனக்குப் புரிந்தால்தான் ஆடிட்டுக்குப் புரிய வைக்க முடியும் மேடம்" என்றேன். "உட்காருங்க சார்" என்று ஒரு மணி நேரம் ஒதுக்கினார்.

அவர் சொன்னது இதுதான். ஒரு மருந்து கொடுத்த பிறகு செல்லுக்குள் எந்தப் புரதம் கூடியது, எது குறைந்தது என்று பார்க்க வேண்டும். அதற்கு 2002-ல் டென்மார்க்கின் ஓடென்ஸே நகரில் மத்தியாஸ் மானின் குழு வெளியிட்ட முறை 'சிலாக்'. செல்களை இரண்டு பந்தியாகப் பிரிப்பார்கள். ஒரு பந்திக்குச் சாதாரண லைசின், ஆர்ஜினின். இன்னொன்றுக்குக் கனமானவை. அதாவது கார்பன்-13, நைட்ரஜன்-15 அணுக்களால் ஆனவை. கன லைசின் 8 டால்டன் கூடுதல், கன ஆர்ஜினின் 10 டால்டன் கூடுதல். ருசியில் வித்தியாசமில்லை, எடையில் மட்டும் உண்டு. செல் இரண்டையும் ஒன்று போலவே சாப்பிட்டுப் புரதம் செய்கிறது.

பிறகு இரண்டு பந்தியின் புரதங்களையும் சம அளவில் கலந்து, டிரிப்சின் என்ற நொதியால் வெட்டுவார்கள். டிரிப்சின் வெட்டுவது லைசினுக்கும் ஆர்ஜினினுக்கும் அடுத்த இடத்தில். அதனால் புரதத்தின் வால் துண்டு தவிர ஒவ்வொரு துண்டிலும் அடையாளம் ஒன்றாவது இருக்கும். மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் ஒவ்வொரு துண்டும் ஜோடியாகத் தெரியும். ஜோடியில் எது உயரம் என்று பார்த்தால் எந்தப் பந்தியில் அந்தப் புரதம் அதிகம் என்று தெரிந்துவிடும். கடையில் கிடைக்கும் முழு மீடியத்தில் சாதாரண லைசினும் ஆர்ஜினினும் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றை நீக்கினால்தான் கனமானதை இவர்கள் போட முடியும். பாட்டிலில் இல்லாத பொருளுக்குத்தான் அந்த விலை.

"சரி மேடம், சீரம்?" என்றேன்.

மீடியத்தோடு பொதுவாக 10 சதவீதம் சீரம் சேர்க்கிறார்கள். அதில் வளர்ச்சிக்கான புரதங்களோடு சாதாரண அமினோ அமிலங்களும் கரைந்திருக்கின்றன. லேபிளில் அவை பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்காது. டயலிசிஸ் செய்தால் சுமார் 10,000 டால்டனுக்குக் கீழே உள்ள சிறு பொருள்கள் சவ்வு வழியாக வெளியேறிவிடும். பெரிய புரதங்கள் தங்கும். லைசினின் எடை 146 டால்டன்தான், அதனால் அது போய்விடும்.

அப்போதுதான் எனக்குக் கணக்கு பிடிபட்டது. செல் ஒரு முறை இரட்டிக்கும்போது பழைய, கனமில்லாத புரதத்தின் பங்கு பாதியாகிறது. 5 முறை இரட்டித்தால் 32-ல் ஒரு பங்கு, சுமார் 3 சதவீதம். அதனால்தான் சோதனைக்கு முன் ஐந்தாறு முறையாவது இரட்டிக்க விடுகிறார்கள். ஆனால் இது பழைய பாக்கி தீரும் கணக்கு. சாதாரண சீரம் போட்டால் ஒவ்வொரு முறை மீடியம் மாற்றும்போதும் கனமில்லாத லைசின் புதிதாக உள்ளே வரும். பழைய கடன் ஐந்து தவணையில் அடையும், தினம் புதுக் கடன் வாங்கினால் என்றைக்கு அடைவது? ஆடிட்டுக்கு நான் எழுதிய பதிலின் சாரம் இதுதான்.

மெமோவுக்குப் பதில் கிடைத்தும் எனக்கு ஆர்வம் விடவில்லை. ஆர்.பி.எம்.ஐ. 1640 என்ற இன்னொரு மீடியம் மலிவாகக் கிடைத்ததே, அது ஆகாதா என்று கேட்டேன். செல்லைப் பொறுத்தது என்றார். டி.எம்.இ.எம்.மில் லிட்டருக்கு லைசின் உப்பு 146 மில்லிகிராம், ஆர்ஜினின் உப்பு 84. ஆர்.பி.எம்.ஐ.யில் லைசின் 40, ஆர்ஜினின் 200. ஆர்ஜினின் அதிகமானால் சில செல்கள் அதைப் புரோலினாக மாற்றிவிடும். கன அடையாளம் வேண்டாத இடத்தில் ஏறி, அளவு தவறும். அதற்காக ஆர்ஜினினைக் குறைப்பார்கள், அல்லது புரோலினைக் கூடுதலாகச் சேர்ப்பார்கள். டயலிசிஸ் சீரத்திலும் ஒரு குறை உண்டு. சிறு வளர்ச்சிப் பொருள்கள் சிலவும் சேர்ந்து போய்விடுவதால் சில செல்கள் சுணங்கும். முதலில் சாதாரண லைசின் போட்டு, செல் ஒழுங்காக வளர்கிறதா என்று பார்த்த பிறகுதான் கன லைசின் பாட்டிலைத் திறக்க வேண்டும். ஒரு கிராம் கன லைசின் அன்று என் மாதச் சம்பளத்தை மிஞ்சிய சமாச்சாரம்.

கையாளும் விதமும் கற்றேன். மீடியம் 2 முதல் 8 டிகிரியில், வெளிச்சம் படாமல் இருக்க வேண்டும். சீரம் மைனஸ் 20-ல். உருக்கும்போது ஃபிரிட்ஜில் மெதுவாக உருக்கி, சிறு பங்குகளாகப் பிரித்து வைக்க வேண்டும். திரும்பத் திரும்ப உறைய விடக் கூடாது. மீடியத்தில் ஃபீனால் ரெட் இருந்தால் நிறமே பேசும். மஞ்சளானால் அமிலம், ஊதா சாயலானால் காரம். இரண்டு பந்திக்கும் ஒரே லாட் எண் உள்ள மீடியமும் சீரமும் வேண்டும் என்று மேடம் சொன்னதால், எங்கள் ஸ்டாக் லெட்ஜரில் லாட் எண்ணுக்கு ஒரு கட்டம் கோடு போட்டேன்.

லேபிளில் இல்லாத பொருள் என்ன செய்யும் என்பதற்குப் பெரிய கதை ஒன்று உண்டு. எங்கள் முசியே வகுப்பில் பெருமையாகச் சொல்வார்: அலெக்ஸி கரேல் என்ற பிரெஞ்சுக்காரர், 1912-ல் நோபல் பரிசு பெற்றவர், அதே வருடம் வளர்க்கத் தொடங்கிய கோழிக்கருவின் இதயத் திசு சாகவே இல்லை என்று. அவர் 1944-ல் இறந்த பிறகும் அந்த வளர்ப்பு 1946 வரை நடந்தது. ஆனால் 1961-ல் ஹேஃப்ளிக்கும் மூர்ஹெட்டும் சாதாரண செல்கள் ஓர் அளவுக்கு மேல் பிரிவதில்லை என்று காட்டினார்கள். கரேலின் செல்களுக்கு உணவாகக் கொடுத்த கருச்சாற்றில் புதிய உயிருள்ள செல்கள் கலந்து வந்திருக்கலாம் என்பது பிறகு சொல்லப்பட்ட விளக்கம். அது சரியானால், சாகாதது பழைய செல்லல்ல. சாப்பாட்டோடு புதிதாக வந்துகொண்டே இருந்த செல்தான்.

ஆடிட் மெமோ முடித்து வைக்கப்பட்டது. அடுத்த ஆர்டர் கிளம்பியது. அந்தப் பெண்ணும் நேரத்தில் தீசிஸ் கொடுத்துவிட்டாள்.

விலை குறைந்தவருக்கே ஆர்டர் என்ற விதி நல்ல விதிதான். அரசுப் பணத்தைக் காப்பாற்றுவது அதுதான். ஆனால் இரண்டு பொருளும் ஒன்றே என்று நிச்சயமான பிறகுதான் விலையை ஒப்பிட வேண்டும். 'சீரம்' என்று இரண்டு பாட்டிலிலும் எழுதியிருப்பதால் மட்டும் இரண்டும் ஒன்றாகிவிடாது. அதைத் தெரிந்துகொள்ள, பொருளைப் பயன்படுத்துகிறவரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டால் போதும். என் உத்தியோகத்தில் அவ்வளவு பலன் தந்த ஒரு மணி நேரம் வேறு இல்லை.