சும்மா இருக்க ஒரு நாள்

“கடைசியாக நீங்கள் எப்போது சும்மா இருந்தீர்கள்?”

மூதூர்ப் பக்கத்துக் கிராமமொன்றில், எங்கள் சிறுசேமிப்புக் குழுக் கூட்டத்தில் ஒருநாள் இப்படிக் கேட்டேன். இருபத்திரண்டு பெண்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் தமிழரும் இருந்தார்கள், முஸ்லிம்களும் இருந்தார்கள். சிலர் கணவரை இழந்தவர்கள். சிலருடைய கணவர் காணாமல் போனவர். சிலர் கணவர் இருந்தும் வீட்டைத் தனியே சுமப்பவர்கள்.

“காய்ச்சல் வந்து படுத்த அண்டைக்கு” என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். “புள்ள பெத்த நாப்பது நாள், அதுவும் முழுசா இல்ல” என்றார் ஒரு ராத்தா. பின்வரிசையில் இருந்த வயதான அக்கா ஒருவர் மெதுவாகச் சொன்னார்: “முகாமிலதான் பிள்ளை சும்மா இருந்தனாங்கள். நிவாரணம் வரும், வாங்குவம், இருப்பம். இருந்து இருந்தே விசர் பிடிச்சது.”

அதன்பின் யாரும் சிரிக்கவில்லை.

அந்த அக்கா சொன்னது எனக்கு விளங்கும். 2006 ஏப்ரலில் சம்பூர்ப் பக்கத்துச் சனம் இடம்பெயர்ந்தது. ஆகஸ்டில் மூதூர் நகரமே வெறுமையானது. தமிழர் வெருகல் தாண்டி மட்டக்களப்புப் பக்கம் போனோம். முஸ்லிம் மக்கள் கந்தளாய்ப் பக்கம் போனார்கள். எனக்கு அப்போது பதினாறு வயது. பிறகு கிளிவெட்டி முகாம். சம்பூர் மக்கள் பலருக்குத் தங்கள் காணியில் மறுபடி கால்வைக்க 2015, 2016 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அத்தனை ஆண்டுகள் ‘சும்மா இருந்த’ பெண்களிடம் போய் ஓய்வைப்பற்றிக் கேட்டிருக்கிறேன்!

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது, வெளியே உழைத்துவிட்டு வீடு திரும்பும் பெண் அங்கே இரண்டாவது வேலைமுறையைத் தொடங்குகிறாள் என்று படித்தோம். அமெரிக்க சமூகவியலாளர் ஆர்லி ஹொக்சைல்ட் 1989இல் எழுதிய நூல் அதைத்தான் சொல்கிறது. எங்கள் குழுப் பெண்களுக்கு மூன்றாவது வேலைமுறையும் உண்டு. கச்சேரிக்கும் ஆணைக்குழுவுக்கும் கோவையைத் தூக்கிக்கொண்டு அலைவதும், கிழமைக் கடனுக்குக் காசு தேடுவதும் அது. 1948ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனத்தில் 24ஆம் உறுப்புரை, ஓய்வும் பொழுதுபோக்கும் ஒவ்வொருவரினதும் உரிமை என்கிறது. பயிற்சிப் பட்டறைகளில் நாங்கள் மற்ற உறுப்புரைகளையெல்லாம் பேசுவோம். இதை மட்டும் தாண்டிப் போய்விடுவோம்.

அந்தக் கூட்டத்தின் முடிவில்தான் பேச்சு எழுந்தது, எங்காவது ஒருநாள் போய்வருவோம் என்று. கிழமைக்கு நூறு ரூபா தனியாகச் சேர்ப்பதென்று முடிவாயிற்று. எங்கே போவது? இளம்பெண் ஒருவர் சொன்னார்: “வெள்ளைக்காரர் கடல் கடந்து வந்து பாக்கிற புறாமலைய நாங்க ஒருக்காலும் பாத்ததில்ல.” உண்மைதான். திருகோணமலை மாவட்டத்தில் பிறந்து வளர்ந்த நானும் அதுவரை பார்த்ததில்லை.

காசு சேர்வது சுலபமாக இருந்தது. மற்றவைதான் கடினம். “புருஷன் இல்லாதவளுக்கு என்ன சுற்றுலா?” என்று ஒருவரின் மைத்துனர் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை வைத்தால், திங்கள் தவணைக்கு இடியப்பம் அவித்து விற்கும் இருவர் வரமுடியாது. ஆகவே சனிக்கிழமை ஆக்கினோம். கணவர் காணாமற்போன தங்கை ஒருத்தி கடைசிவரை “நான் வரேல்ல” என்றே நின்றாள். “அவர் எங்க இருக்கிறாரெண்டு தெரியாம நான் கடற்கரையில சிரிச்சுக்கொண்டு நிக்கவோ?” என்று கேட்டாள். என்னிடம் பதில் இருக்கவில்லை. “சிரிக்க வேண்டாம், கூட வந்து இரு” என்று பின்வரிசை அக்காதான் கூப்பிட்டார். வந்தாள்.

கடந்த ஆண்டு ஜூலையில் ஒரு விடியற்காலை பஸ் புறப்பட்டது. முன்பெல்லாம் திருகோணமலைக்குப் போக மூதூர் இறங்குதுறையில் லோஞ்சு ஏறுவோம். தரைவழி போனால் துறைக்குத் துறை பாதைக்காகக் காத்து நிற்கவேண்டும். 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறந்தது. இப்போது பஸ் தடையின்றிப் போகிறது. பாலத்தில் ஏறியதும் எல்லோரும் யன்னல் பக்கம் சரிந்து தண்ணீரைப் பார்த்தார்கள்.

என் பக்கத்தில் இருந்த ராத்தா மட்டும் பார்க்கவில்லை. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு அவர் கடற்கரைக்குப் போனதில்லை. நான் ஹவாய்த் தீவுகளைப்பற்றிச் சொன்னேன். உல்லாசப் பயணிகளின் சொர்க்கம் என்று நாம் படங்களில் காணும் அந்தத் தீவுகளில் ஹிலோ என்றொரு நகரம் உண்டு. 1946 ஏப்ரலிலும் 1960 மேயிலும் ஆழிப்பேரலை அதைத் தாக்கியது. 1960இல் மட்டும் அங்கே 61 பேர் இறந்தார்கள். அழிந்த கரையோரத்தின் பெரும்பகுதியில் மறுபடி வீடும் கடையும் கட்டாமல் பூங்காவாக விட்டார்கள். இன்று அங்கே சனம் உலாவுகிறது, பிள்ளைகள் விளையாடுகிறார்கள். ராத்தா கேட்டுவிட்டு, “அப்ப அவங்களுக்கும் பயமிருந்திருக்கும்” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

நிலாவெளி, திருகோணமலை நகரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 15 கிலோமீற்றர். அங்கிருந்து புறாமலைக்குக் கடலில் ஒரு கிலோமீற்றர் அளவுதான். பெரிதும் சிறிதுமாக இரண்டு தீவுகள். பாறைகளில் மாடப்புறாக்கள் கூடுகட்டுவதால் அந்தப் பெயர். ஆங்கிலேயர் காலத்தில் கடற்படையினர் சுட்டுப் பழகும் இலக்காக இருந்த இடம். 1963இல் சரணாலயமாகி, 2003இல் தேசியப் பூங்காவானது. “எங்கள மாதிரித்தான், சுடுபட்டுத்தான் இருந்திருக்கு” என்று படகில் யாரோ சொல்ல, இறுக்கம் தளர்ந்தது.

தீவின் கரையில் மணலோடு உடைந்த முருகைக்கல் குவிந்து கிடக்கிறது. சுண்ணாம்புக்கு எரிக்கும் கல்லாகத்தான் அதை அறிந்திருந்தோம். அது உயிருள்ள சிறு பிராணிகள் ஆயிரமாயிரமாய்ச் சேர்ந்து கட்டும் வீடு என்று படகோட்டி விளக்கினார். ஒரு கால் மிதிபட்டால் பல ஆண்டு வளர்ச்சி உடைந்துவிடுமாம். அதைக் கேட்டபின் எங்கள் பெண்கள் தண்ணீரில் கால்வைத்த விதத்தைப் பார்க்கவேண்டும்! வாசலில் தூங்கும் பிள்ளையைத் தாண்டுவதுபோல் நடந்தார்கள். முழங்காலளவு தண்ணீரிலேயே மஞ்சளும் நீலமுமாய் மீன்கள். செட்டை நுனி கறுத்த சின்னச் சுறாக்களும் அங்கே உண்டு. அவை மனிதரைக் கண்டால் விலகிப் போகின்றன. இளம்பெண்கள் இருவர் உயிர்காப்பு அங்கியும் கண்ணாடியும் அணிந்து தண்ணீரில் முகம் புதைத்தார்கள். நிமிர்ந்ததும் போட்ட சத்தத்தில் பாறைப் புறாக்கள் பறந்தன.

இந்த நேரத்தில் நான் ஒரு பிழை விட்டேன். என் பையில் ஒரு படிவம் இருந்தது. ‘இன்று உங்கள் மனநிலை எப்படி? ஒன்றிலிருந்து ஐந்துவரை குறிக்கவும்’ என்று தொடங்கும் படிவம். வட்டமாக உட்காரவைத்து அனுபவப் பகிர்வு செய்வதற்கும் திட்டம் வைத்திருந்தேன். படிவத்தை எடுத்ததும் அந்தத் தங்கை, வரமாட்டேன் என்று நின்றவள், சொன்னாள்: “மிஸ், இண்டைக்கு ஒண்டும் கேக்காதீங்க. எங்களட்ட எல்லாரும் கேட்டுக்கொண்டுதான் இருக்கினம்.”

எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்! விசாரணைக் குழுக்கள், நிறுவனங்கள், ஆய்வு மாணவர்கள், நான். பதின்மூன்று ஆண்டுகளாக இந்த வேலையில் இருக்கிறேன். ஒரு பெண்ணின் ஒரு நாளைக்கூட அறிக்கையாக மாற்றாமல் விட எனக்குத் தெரியவில்லை என்பது அந்தக் கரையில்தான் உறைத்தது. படிவத்தை மடித்துப் பையில் வைத்தேன். அவளுக்கு அருகில் போய் இருந்தேன். ஒரு மணித்தியாலம் அளவில் நாங்கள் பேசவில்லை. அவள் சிரிக்கவுமில்லை, அழவுமில்லை. முருகைக்கல் துண்டுகளைப் பொறுக்கி, வெள்ளையை ஒருபுறமும் பழுப்பை ஒருபுறமும் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

கடலுக்கு முதுகைக் காட்டி இருந்த ராத்தா, புறப்படும் நேரத்தில் தண்ணீரோரம் வந்தார். காலைக் கழுவினார். “உப்புத்தான்” என்றார்.

பகல் நிலாவெளிக் கரையில் மரநிழலில் சாப்பிட்டோம். ராத்தாமார் தொழுதுவிட்டு வரும்வரை மற்றவர்கள் காத்திருந்தார்கள். புட்டும், நெத்தலிப் பொரியலும், கத்தரிக்காய்க் கறியும் இடம் மாறின. ‘நீங்கள் அந்த ஆகஸ்டில் எங்கே நின்றீர்கள்?’ என்ற பேச்சு அங்கேதான் தானாக வந்தது. யாரும் கேட்கவைக்கவில்லை. அந்த மாதத்தில் பெண்கள் எந்தெந்த வழியால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள் என்பதை இரு தரப்பும் ஒருவருக்கொருவர் சொன்னார்கள். நான் குறிப்பெடுக்கவில்லை.

திரும்பும் வழியில் கன்னியா. ஒன்றுக்கொன்று சூடு வேறுபட்ட ஏழு வெந்நீர்க் கிணறுகள். இராவணன் தன் தாய்க்குக் கிரியை செய்த இடம் என்பது ஐதீகம். எங்கள் பகுதிச் சைவர்கள் இறந்தோருக்கு அந்தியேட்டிக் கடன் கழிக்க வருவதும் இங்கேதான். தங்கை பஸ்ஸை விட்டு இறங்கவில்லை. இறங்கினால் முடிந்துவிட்டது என்று அர்த்தமாகிவிடும். யாரும் வற்புறுத்தவில்லை. பின்வரிசை அக்கா ஒரு போத்தலில் சூடு தண்ணீர் கொண்டுவந்து, “கைகாலக் கழுவு, அலுப்புப் போகும்” என்று மட்டும் சொல்லிக் கொடுத்தார். அவள் கழுவினாள்.

சகோதரிகளே, நீங்களும் போக நினைத்தால் சில விடயங்களைச் சொல்கிறேன். கிழக்குக் கடல் அமைதியாக இருப்பது மே முதல் செப்டெம்பர் வரையில். மாரியில் போகவேண்டாம். விடியவே போங்கள், வெயில் ஏறுமுன் திரும்பலாம். உள்ளூரவருக்குக் கட்டணம் குறைவு, அடையாள அட்டையை மறக்காதீர்கள். பலர் சேர்ந்து போனால் படகுச் செலவு தாங்கும். உயிர்காப்பு அங்கி இல்லாமல் ஏறாதீர்கள். சேலை தண்ணீரில் பாரமாகும், சல்வார் நல்லது. தீவில் கடை இல்லை, குடிதண்ணீர் கொண்டுபோங்கள். பொலித்தீனைத் திருப்பிக் கொண்டுவாருங்கள். முருகைக்கல்லை மிதிக்கவும் வேண்டாம், வீட்டுக்கு எடுத்து வரவும் வேண்டாம்.

அவ்வளவு தூரம் முடியாதென்றால் ஊரிலேயே இடமுண்டு. 1660இல் கொட்டியாரக் குடாவில் கப்பலோடு வந்து பிடிபட்டு, பத்தொன்பது ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் கைதியாக இருந்த றொபேட் நொக்ஸின் நினைவுக்கல் மூதூரில்தான் இருக்கிறது. மகாவலி கடலில் கலப்பது எங்கள் குடாவில்தான். மாலையில் இறங்குதுறையில் ஆண்கள் உட்கார்ந்து காற்று வாங்குகிறார்கள். பெண்கள் லோஞ்சுக்காக மட்டும் அங்கே நிற்கிறோம். இரண்டு பேராய்ப் போய் அரை மணித்தியாலம் உட்கார்ந்தால் யார் என்ன செய்துவிடுவார்கள்?

எங்கள் குழுவில் இப்போது உண்டியலுக்குக் கிழமைக்கு நூறு ரூபா மறுபடி விழுகிறது. “வாற வருசம் எங்க?” என்று கேட்டபோது, முதலில் கை உயர்த்தியவள் அந்தத் தங்கைதான். “எங்கயெண்டாலும் சரி. ஆனா மிஸ் அந்தப் பேப்பரக் கொண்டுவரப்படாது” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவளும்தான்.