பொய்க்குள் விழித்திருக்கும் உண்மை

குற்றஞ்சாட்டப்பட்ட ஒருவர், நடந்தது எதுவும் நினைவில்லை என்கிறார். அது மெய்யோ, நடிப்போ? பங்குப் பணியில் பல்லாண்டுகளாய்ப் பிறர் சொல்லைக் கேட்டுப் பழகிய நாமும் முகத்தை மட்டும் பார்த்து விடை கூறத் துணியோம்.

கனடா நாட்டு உளவியல் அறிஞர் டாம் டாம்பா, 1996-ஆம் ஆண்டு இதற்கென ஒரு தேர்வை வெளியிட்டார். அதில் 50 படங்கள் காட்டப்படும். பின்னர் ஒவ்வொன்றையும் புதிய படம் ஒன்றுடன் சேர்த்து வைத்து, முன்பு கண்டது எதுவெனக் கேட்பார்கள். யாதொன்றும் நினைவில்லாதவரும் குருட்டாம்போக்கில் ஏறக்குறைய 25 விடைகளைச் சரியாகச் சொல்லிவிடுவார். ஒருவர் அதற்கும் வெகுவாகக் குறைந்தால்? சரியான விடையை அறிந்தவரே அதனை அத்தனை முறை தவிர்க்க இயலும். மறைப்பதற்கும் உண்மை தேவைப்படுகிறது!

எனினும், நடிப்போர் பலர் அவ்வளவு கீழே இறங்குவதில்லை. ஆதலால் 45-க்குக் குறைந்தாலே ஐயம் எழுகிறது. முதுமையின் கடும் மறதி நோயாளரும் அக்கோட்டிற்குக் கீழே விழுவதுண்டு. மேலும், அச்சத்தால் மிகைப்படுத்தியவர் மெய்யாகவே நோயுற்றவராகவும் இருக்கலாம். எண் ஐயத்தை எழுப்பும், காரணத்தை உரைக்காது. தேர்வாளர் இதை மறந்தால், தண்டனை நோயாளியின் தலையில் விழும்.