கரடிக்கு சோடா ஆகாது

பெர்ன் நகரத்துச் சின்னம் கரடி. அங்கே ஒரு பாரில் 'ஓல்டு பேர்' கேட்டேன். அதே மாகாணத்து லங்காட்டுன் ஆலைச் சரக்கு. "சோடா?" என்றதும், பார்காரர் என்னைக் கொலைக் குற்றவாளி மாதிரி பார்த்துவிட்டு நாலு சொட்டுத் தண்ணீர் விட்டார்.

முதல் வாயில் விறகடுப்பு! முளைகட்டிய பார்லியைப் புகையில் காயவைத்ததன் பலன். சரி, காசு போச்சு என்று நினைக்கையில் மெதுவாய்த் திராட்சை வருகிறது. பிரான்ஸின் ஷத்தோநெஃப்-து-பாப் ஒயின் இருந்த பீப்பாயில் ஊறிய சரக்காச்சே!

இத்தனைக்கும் 1999 ஜூலை 1 வரை சுவிஸில் தானியத்தில் சாராயம் காய்ச்சத் தடை. உலகப் போர்க் காலத்துச் சட்டம். தானியம் சாப்பாட்டுக்கு மட்டும். பழத்தில் காய்ச்சலாம். தாத்தா காய்ச்ச முடியாததைப் பேரன் காய்ச்சுகிறான்.

பில்லை ரூபாயில் பெருக்கிப் பார்த்தேன் (பி.காம். புத்தி). கிளாஸைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டு விழும்வரை காத்திருந்தேன்.