வாட்டர்லோ சதுக்கத்துப் பித்தளை உரல்

ஒல்லாந்து தேசத்துக்குச் செல்வோர் காற்றாலைகளையும் துலிப் மலர்த் தோட்டங்களையும் கண்டு திரும்புவது வழக்கம். எனக்கோ எந்த நாட்டுக்குச் சென்றாலும் பழைய சாமான் சந்தையைக் கண்டதும் கால்கள் தாமாகவே நின்றுவிடும். பூட்டு, திறப்பு, கரண்டி, மெழுகுதிரித் தண்டு எனக் கைக்கு அடக்கமான உலோகப் பொருள் ஒன்றையேனும் வாங்காது நான் ஊர் திரும்பியதில்லை. நான் இதனைச் சேகரிப்பு என்பேன். வீட்டிலே இதற்கு வேறு பெயர் உண்டு.

சென்ற ஆண்டு தமக்கையின் இல்லத்தில் இரு வாரம் தங்கியிருந்தபோது, அவர் மகன் என்னை அம்ஸ்டர்டாம் நகரின் வாட்டர்லோ சதுக்கத்துக்கு அழைத்துச் சென்றான். 1882ஆம் ஆண்டில் இரு கால்வாய்களைத் தூர்த்து உண்டாக்கப்பெற்ற சதுக்கம் அது. அயல் வீதிகளில் வாணிகம் செய்த யூதர்களைச் சில ஆண்டுகளில் நகராட்சியார் அங்கே மாற்ற, சந்தை தோன்றியது. இன்றும் ஞாயிறு தவிர்ந்த நாள்களில் அது கூடுகின்றது.

அருகேதான் ஓவியர் ரெம்பிராண்ட் வாழ்ந்த வீடு. 1656இல் அவர் கடனால் நொடிந்தபோது அதிகாரிகள் அறை அறையாகச் சென்று உடைமைகளை 363 இலக்கங்களில் எழுதினர். ஓவியங்களோடு சமையலறைச் சட்டி பானைகளும் அதில் உண்டு. 1658இல் வீடும் கைமாறியது. ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றியதும் அதே ஆண்டிலேதான்! அந்தப் பட்டியலின் துணைகொண்டே இன்று அவ்வீட்டை அக்காலத்து இல்லம்போல ஒழுங்குசெய்து வைத்திருக்கிறார்கள்.

சந்தைக்குச் செல்லும்போது சட்டைப் பையில் ஒரு சிறு காந்தம் வைத்திருப்பேன். பித்தளையிலே காந்தம் ஒட்டாது. பித்தளை பூசிய இரும்பு உடனே அகப்பட்டுவிடும். மருமகன் ஒரு முட்கரண்டியை எடுத்து, “மாமா, இதில 90 எண்டு அடிச்சிருக்கு. நூற்றுக்குத் தொண்ணூறு வெள்ளியோ?” என்றான். பலர் ஏமாறும் இடம் இது. அந்த எண், ஒரு தொகுதிக் கரண்டிகளின் மேல் பூசிய வெள்ளியின் கிராம் நிறையைக் குறிப்பது. உள்ளே இருப்பது மலிவான கலப்புலோகமே.

ஒரு மூதாட்டி நிலத்திலே துணி விரித்துச் சாமான்களைப் பரப்பியிருந்தார். அவற்றிடையே கையளவான பித்தளை உரலொன்று உலக்கையுடன் இருந்தது. ஒல்லாந்து இல்லத்தரசிகள் சாதிக்காயும் கராம்பும் இடித்த உரல். எங்கள் ஆச்சியின் பாக்குரலுக்கு உடன்பிறந்தது என்றே சொல்லலாம். பேரம் பேச மனம் வரவில்லை.

அதனருகே ஒரு மெழுகுதிரித் தண்டும் நின்றது. கனமான வார்ப்பு; அடியிலே பல்லாண்டு துடைத்துத் துடைத்துச் சித்திரம் தேய்ந்திருந்தது. “இதன் சோடி எங்கே?” என்று மருமகன் மூலம் வினவினேன். “ஒற்றையாகத்தான் வந்தது” என்றார்.

யூதப் பெண்கள் வெள்ளி மாலையில் இரண்டு தீபங்களையேனும் ஏற்றுவது மரபு. சதுக்கத்துக்கு அணித்தாக உள்ள 1675ஆம் ஆண்டுப் போர்த்துக்கேய யூத ஆலயத்தில் மின்விளக்கு இல்லை; பெரிய பித்தளைத் தொங்கு விளக்குகளில் ஏறத்தாழ ஆயிரம் மெழுகுதிரிகளை இன்றும் ஏற்றுகிறார்கள். 1941இல் ஜேர்மானியர், போர்த் தளபாடங்களுக்காகச் செம்பு, வெள்ளீயம் முதலியவற்றாலான வீட்டுப் பொருள்களை ஒப்படைக்கும்படி கட்டளையிட்டனர். பலர் அவற்றை மண்ணிலே புதைத்து ஒளித்தனர். அடுத்த ஆண்டு முதல் யூதர்களையே வண்டியேற்றினர். அந்நாட்டில் இருந்த சுமார் 140,000 யூதர்களில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். ஆளற்ற வீடுகளிலிருந்து தளபாடங்கள் ஜேர்மனிக்குக் கொண்டுசெல்லப்பட்டன.

அந்தத் தண்டு அத்தகைய ஓர் இல்லத்தினது என்பதற்கு என்னிடம் யாதொரு சான்றும் இல்லை. சாதாரண ஒல்லாந்துக் குடும்பமொன்றின் மேசையிலும் நின்றிருக்கலாம். ஆயினும் அதனைக் கையிலே எடுத்தவன் திரும்ப வைத்துவிட்டேன்.

1995ஆம் ஆண்டு ஐப்பசியில் வலிகாமத்து மக்கள் அனைவரும் ஒரே இரவில் எழுந்து நடந்தபோது, நானும் ஒரு மாணவனாகச் சைக்கிளை உருட்டிக்கொண்டு சென்றேன். இரண்டு குத்துவிளக்குகளில் ஒன்றை அம்மா சேலையிலே சுற்றி எடுத்துக்கொண்டார். மற்றையது பாரமென்று சுவாமி அறையிலே விடப்பட்டது. அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது சுவர்கள் இருந்தன. வெண்கலமும் பித்தளையும் ஒரு துண்டுதானும் இல்லை.

ஊர் திரும்பியதும் உரலை அம்மாவின் கையிலே கொடுத்தேன். கவிழ்த்துப் பார்த்தார், உள்ளே முகர்ந்தும் பார்த்தார்.

“ஆற்றையோ வீட்டுச் சாமான்,” என்றார். சற்று நேரங் கழித்து, “எங்கட விளக்கை வைச்சிருக்கிற ஆக்கள் மினுக்குகினமோ தெரியாது. புளி போடாட்டிக் கறுத்துப்போமெல்லே?” என்றார்.

பின்னர் பழப்புளியைக் கரைக்கச் சொல்லிவிட்டு, கிணற்றடிக்கு உரலுடன் நடந்தார்.