டாக்டருக்கு எதுக்கு சார் கோடிங்?

போன வாரம் ஒரு தம்பி இன்பாக்ஸில் கேட்ட கேள்வி இது. சுருக்கமாகப் பதில் சொல்லிப் பார்த்தேன், முடியவில்லை. அதனால் இந்த இழை. கொஞ்சம் நீளம்தான். டீயைக் கையில் வைத்துக்கொண்டு வாசிங்க.

முதலில் டிஸ்கி: நான் சாஃப்ட்வேர் ஆள் கிடையாது. எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு விருதுநகர் மாவட்டத்தில் ஒரு அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். நைட் டியூட்டி முடிந்து தூங்கி எழுந்த பிறகு கிடைக்கிற ரெண்டு மணி நேரத்தில் பைத்தான் எழுதுவேன். சில பேர் கிரிக்கெட் ஆடப் போவாங்க, எனக்கு இது.

ஆரம்பித்தது 2020இல். கொரோனா வார்டு டியூட்டி முடிந்ததும் தனிமைப்படுத்தலில் ஒரு ரூமில் உட்கார வைத்துவிட்டார்கள். போனை நோண்டிக்கொண்டிருந்தபோது கணியம் தளம் கண்ணில் பட்டது. லினக்ஸ், மைசீக்குவல் என்று 'எளிய தமிழில்' வரிசையாக மின்னூல்கள், எல்லாமே இலவசம். அங்கே பிடித்ததுதான், இன்னும் விடவில்லை.

அடுத்து வந்தது பொழுதுபோக்கு இல்லை, வியாதி. எந்த எடிட்டர் நல்லது, விஎஸ் கோடா விம்மா? எந்தக் கலர் தீம் கண்ணுக்கு இதம்? டக் டக் என்று சத்தம் போடுகிற மெக்கானிக்கல் கீபோர்டு இருந்தால் நன்றாக வருமோ? பத்து வருஷமாக ஒரே ஸ்டெதஸ்கோப் வைத்திருக்கிற ஆள், மூணு கீபோர்டு வாங்கிவிட்டேன். எழுதிய உருப்படியான புரோகிராம் எத்தனை என்று வீட்டம்மா கேட்டார். பதில் இல்லை.

பிறகு ராஸ்பெர்ரி பை. 2012இல் மாணவர்களுக்காக இங்கிலாந்தில் செய்த, உள்ளங்கையில் அடங்கும் கம்ப்யூட்டர். தடுப்பூசி மருந்துகளை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும் இல்லையா, அந்த வெப்பநிலையைப் பதிவு செய்யும் கருவி செய்யலாம் என்று ஆசை. ஆஸ்பத்திரி ஃப்ரிட்ஜில் நம் இஷ்டத்துக்கு ஒயர் சொருக முடியாது. வீட்டு ஃப்ரிட்ஜில் சோதித்தேன். நாலாவது நாள் கரண்ட் போய் வந்தது, மெமரி கார்டு காலி. அப்புறம்தான் தெரிந்தது, இந்த வேலைக்கு சில நூறு ரூபாய் இஎஸ்பி32 சில்லே போதும் என்று. அதோடு, தடுப்பூசிக் கையிருப்பையும் வெப்பநிலையையும் கண்காணிக்க இவின் என்ற திட்டத்தை அரசே பல வருஷமாக நடத்திக்கொண்டிருக்கிறது!

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

எங்க பக்கம் 'மருந்து' என்றால் ரெண்டு அர்த்தம். நான் எழுதிக் கொடுப்பது ஒன்று. ஃபயர் ஆபீஸில் கலந்து செலுத்துவது இன்னொன்று. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் டியூட்டி பார்க்கும் எந்த டாக்டருக்கும் தூரத்தில் வெடிச்சத்தம் கேட்டால் கை தானாக நிற்கும். 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. நாற்பது பேர் வரை போன நாள். வேடிக்கை பார்க்கவும் காப்பாற்றவும் ஓடியவர்களும் அதில் உண்டு. அந்தத் தேதியை இங்கே யாரும் மறக்கவில்லை.

பெரிய தீக்காயத்தில் முதல் ஆபத்துகளில் ஒன்று, உடம்பின் நீர் ரத்தக் குழாயை விட்டு வெளியே கசிந்துவிடுவது. அதனால் ட்ரிப்ஸ் கணக்குப் போட்டு ஏற்ற வேண்டும். பார்க்லாண்ட் ஃபார்முலா என்று பெயர்: 4 மில்லி × எடை × தீக்காயத்தின் சதவீதம். 50 கிலோ ஆளுக்கு 40 சதவீதம் என்றால் 8,000 மில்லி. இதில் பாதி முதல் 8 மணி நேரத்தில், மீதி அடுத்த 16 மணி நேரத்தில். இது ஆரம்பக் கணக்குதான். அதன் பிறகு சிறுநீர் எவ்வளவு வருகிறது என்று பார்த்துப் பார்த்துக் கூட்டிக் குறைப்போம்.

சின்னக் கணக்குதான். ஆனால் ஒரே நேரத்தில் நாலு ஸ்ட்ரெச்சர் உள்ளே வரும்போது மனக்கணக்கு தடுமாறும். அதற்காக ஒரு ஆப் எழுதினேன். எடையும் சதவீதமும் தட்டினால், மணிக்கு இத்தனை மில்லி என்று சொல்லும். எனக்கு ஒரே பெருமை. கைக்கணக்கும் போட்டுத்தான் சரிபார்ப்பேன், ஆனால் ஆப்பைப் பார்த்த பிறகு போடும் கைக்கணக்கு எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

ஒரு நாள் ஒரு பேஷன்ட். கணக்குக்காக அதே 50 கிலோ, 40 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்க. ஆப் மணிக்கு 500 மில்லி என்றது. நானும் தலையாட்டினேன். பக்கத்தில் நின்ற சீனியர் சிஸ்டர் மெதுவாகக் கேட்டார்:

"சார், காயம் பட்டது பத்தரைக்கு. நம்மகிட்ட வந்தது பன்னெண்டரைக்கு. உங்க போன்ல எட்டு மணி நேரம் எங்க இருந்து ஆரம்பிக்குது?"

எனக்கு வியர்த்துவிட்டது.

அந்த எட்டு மணி நேரம் காயம் பட்ட நிமிஷத்திலிருந்து எண்ண வேண்டும். ஆஸ்பத்திரிக்கு வந்ததிலிருந்து அல்ல. இறுதியாண்டில் வாய்மொழித் தேர்வில் நானே சொன்ன பதில்தான். ஆனால் கோட் எழுதும்போது 'இப்போது மணி என்ன' என்ற ஒரு வரியைப் போட்டு அங்கிருந்து எண்ணிவிட்டேன். 4,000 மில்லி மாலை ஆறரைக்குள் போக வேண்டும். மீதி இருந்தது ஆறு மணி நேரம், அப்படியானால் மணிக்கு 667. என் ஆப் சொன்னபடி ஏற்றியிருந்தால் ஆறரைக்கு ஒரு லிட்டர் குறைவு.

உடனே மாற்றினோம். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

மறுநாள் கோடைத் திறந்து காயம் பட்ட நேரத்தையும் சேர்த்துப் பார்த்தால் இன்னொன்று. ஒன்பது மணி நேரம் கழித்து வருகிற ஆளுக்கு என் ஆப் மைனஸில் ட்ரிப்ஸ் ஏற்றச் சொல்கிறது! மூணு கீபோர்டும் இதைச் சொல்லவில்லை.

அதன் பிறகுதான் சாஃப்ட்வேர்க்காரர்கள் எதற்காக டெஸ்ட் எழுதுகிறார்கள் என்று புரிந்தது. பத்தரைக்குக் காயம், பன்னெண்டரைக்கு வருகை, 50 கிலோ, 40 சதவீதம்: விடை 667 வராவிட்டால் இந்த ஆப் வெளியே போகக் கூடாது என்று ஒரு காவல். சிஸ்டர் கேட்ட கேள்வியை அப்படியே கோடில் எழுதி வைத்துவிட்டேன். நான் மறந்தாலும் அது தினமும் கேட்கும்.

கிட் என்று ஒரு கருவி. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் எழுதியது. நம்ம கேஸ் ஷீட் மாதிரி. தப்பாக எழுதியதை அழிக்கக் கூடாது, ஒரு கோடு போட்டு அடித்து, நேரம் எழுதிக் கையெழுத்துப் போடுவோம் இல்லையா? கிட்டும் அதைத்தான் செய்கிறது. எந்தத் தேதியில் நான் அந்தத் தப்பான வரியை எழுதினேன் என்று இன்றைக்கும் எடுத்துப் பார்க்கலாம். அவ்வப்போது பார்ப்பேன்.

மருத்துவ சாஃப்ட்வேர் பிழை ஆளையே கொன்ற வரலாறும் உண்டு. தெரக்-25 என்ற கதிர்வீச்சுக் கருவி, 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு நோயாளிகளுக்கு அளவுக்கு மீறிக் கதிர்வீச்சைக் கொடுத்தது. சிலர் இறந்தார்கள். பழைய மாடல்களில் இருந்த இயந்திரப் பூட்டை எடுத்துவிட்டு, எல்லாவற்றையும் சாஃப்ட்வேர் பார்த்துக்கொள்ளும் என்று நம்பியதுதான் வினை.

ஃபயர் ஆபீஸில் ஒரு அறையில் இத்தனை பேர்தான், அறைக்கும் அறைக்கும் இவ்வளவு இடைவெளி என்று விதி இருக்கிறது. வேலை தெரியாதவர்களுக்காகப் போட்டதல்ல அது. முப்பது வருஷ அனுபவமுள்ள கையும் ஒரு நாள் தவறும் என்று தெரிந்து போட்டது. அந்த விதியை மீறுகிற இடத்திலிருந்துதான் எங்களுக்கு ஸ்ட்ரெச்சர் வருகிறது. டெஸ்ட்டும் அப்படி ஒரு இடைவெளிதான்.

இப்போது ஏஐ கோட் எழுதித் தருகிறது. நானும் பயன்படுத்துகிறேன், வேகம் அபாரம். ஆனால் அந்தப் பத்தரை மணியைப் பற்றி நாம் சொல்லாமல் அதற்குத் தெரியாது. அதைக் கேட்கத் தெரிந்த ஒரு ஆள் பக்கத்தில் நிற்க வேண்டும்.

தம்பிக்குப் பதில் இதுதான். கோடிங் எனக்கு நேரத்தை மிச்சப்படுத்தியதாகத் தெரியவில்லை. எனக்குத் தெரியும் என்று நினைத்ததை வரிவரியாக எழுத வைத்துக் காட்டிக்கொடுத்தது. ஆசை இருந்தால் பழைய லேப்டாப்பிலேயே ஆரம்பிங்க. கீபோர்டு அப்புறம் வாங்கலாம்.

மற்றவர்களுக்கு ஒரே வேண்டுகோள். யாருக்காவது தீக்காயம் பட்டால் முதலில் தீயை அணைங்க. ஓடும் குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் காயத்தில் காட்டுங்க. பேஸ்ட், இங்க், மாவு எதுவும் தடவாதீங்க. பெரிய காயம் என்றால் தாமதிக்காமல் 108ஐக் கூப்பிடுங்க.

அப்படியே மணி என்ன என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்க. வந்ததும் எங்களிடம் அதைச் சொல்லுங்க.