கேட்டில் நிற்கும் தம்பிகளுக்கும், பிள்ளைகளைக் காலேஜுக்கு அனுப்பியவர்களுக்கும்



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுத்துக்கொள்ளுங்கள். என்னிடம் படித்தவர்களில் காலேஜ் கேட்டில் செக்யூரிட்டியாக நிற்பவர்களும் உண்டு, அதே மாதிரி காலேஜில் பிள்ளைகளைச் சேர்த்தவர்களும் உண்டு. இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

காக்கி மாதிரி உடுப்பு, தோளில் பட்டை, கையில் லத்தி. பார்ப்பவர்களுக்கு அரைப் போலீஸ் மாதிரி தெரியும். ஆனால் 2005ஆம் வருடத்துத் தனியார் பாதுகாப்பு ஏஜென்சிச் சட்டம் இவர்களைப் பொது ஊழியர் என்று சொல்லவே இல்லை. போலீஸ் உடுப்பு மாதிரி தோற்றம் தரும் சீருடையைப் போட்டாலே, போட்டவருக்கும் ஏஜென்சி முதலாளிக்கும் ஒரு வருடம் வரை சிறை என்று அந்தச் சட்டம் சொல்கிறது. ஒருவரைப் பிடித்து வைக்கும் விஷயத்தில், எதிரே டீக்கடை வைத்திருப்பவருக்கு எவ்வளவு அதிகாரமோ அவ்வளவுதான் செக்யூரிட்டிக்கும்.

எவ்வளவு என்று கேட்பீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவில் 40ஆம் பிரிவு. பழைய சட்டத்தில் இது 43. அறிவிக்கப்பட்ட குற்றவாளியை விட்டுவிடுவோம், அவர் காலேஜுக்கு வரப்போவதில்லை. மற்றபடி, குற்றம் உங்கள் முன்னிலையில் நடந்திருக்க வேண்டும். அது போலீஸ் வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றமாகவும், ஜாமீன் உரிமையாகக் கிடைக்காத குற்றமாகவும் இருக்க வேண்டும். சந்தேகத்தின் பேரில் பிடிக்கும் அதிகாரம் போலீசுக்கு உண்டு, நமக்குக் கிடையாது.

சில மாதங்களுக்கு முன் ஒரு பழைய மாணவன் போன் செய்தான். ஒரு தனியார் கல்லூரியில் சூப்பர்வைசர். ஹாஸ்டலில் ஒரு செல்போன் காணாமல் போயிருக்கிறது. யாரோ ஒரு பையன் பெயரைச் சொல்ல, "ஒத்துக்கிற வரைக்கும் ரூம்ல உட்கார வை" என்று ஆபீசிலிருந்து உத்தரவு. மதியம் உட்கார வைத்த பையனை ராத்திரி ஒன்பதரைக்குத்தான் விட்டிருக்கிறார்கள். "சார், அவங்க அப்பா கேஸ் கொடுக்கப் போறாராம். காலேஜ் மேலயா, என் மேலயா?" என்று கேட்டான்.

"உன் மேலயும்தாண்டா" என்றேன்.

தங்கும் இடத்தில் திருட்டு என்பது பெரிய குற்றம்தான். ஆனால் அதை யாரும் பார்க்கவில்லை. அதோடு 40ஆம் பிரிவு முடிந்துவிட்டது. "கதவைப் பூட்டவே இல்லை சார்" என்றான். சட்டப் புத்தகத்திலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது: வாசலில் துப்பாக்கியோடு ஆட்களை நிறுத்தி, வெளியே போனால் சுடுவோம் என்றால் அதுவும் அடைத்து வைப்பதுதான். பூட்டு தேவையில்லை, போக முடியாதபடி செய்தால் போதும். பாரதிய நியாய சன்ஹிதா 127ஆம் பிரிவில் ஒரு வருடம் வரை சிறை, அல்லது 5000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆபீசர் சொன்னார் என்பது தப்பிக்க வழி ஆகாது, சொன்னவரும் சேர்ந்து மாட்டுவார் என்பதைத் தவிர. அந்த உத்தரவும் போனில் வந்தது. ஒரு துண்டுச்சீட்டுகூட இல்லை. மாதச் சம்பளத்தை நம்பியிருப்பவன் தலையில்தான் முதலில் விடியும்.

இன்னொன்று. பைக் ஸ்டாண்டில் ஒருவன் ஹெல்மெட்டைத் தூக்குவதைக் கண்ணாலேயே பார்க்கிறீர்கள். புதிய சட்டத்தில் 5000 ரூபாய்க்குக் கீழான சாதாரணத் திருட்டு, போலீசே வாரண்ட் இல்லாமல் கைது செய்யாத வகைக்குப் போய்விட்டது. பொருளைக் காப்பாற்றத் தேவையான அளவு தடுக்கலாம், அது தற்காப்பு உரிமை. பிறகு 112க்குச் சொல்லுங்கள். ரூமுக்கு இழுத்துப் போகாதீர்கள்.

சரியாகவே பிடித்தாலும் ஆறு மணி நேரத்துக்குள் போலீசிடம் ஒப்படைக்க வேண்டும். இந்தக் கணக்கு புதிதாக வந்தது. ஆறு மணி நேரம் வைத்திருக்கலாம் என்று சில ஏஜென்சிக்காரர்கள் அர்த்தம் செய்துகொள்கிறார்களாம்! தேவையில்லாத தாமதம் கூடாது என்ற பழைய வாசகமும் அப்படியே இருக்கிறது. பையைக் கொட்டுவது, போனைப் பிடுங்கிப் பார்ப்பது, மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்குவது எதுவும் இந்தப் பிரிவில் இல்லை. பிடிபட்டவரைச் சோதிப்பது ஒப்படைக்கப்பட்ட பிறகு போலீசின் வேலை. பெண்ணாக இருந்தால் பெண்தான் சோதிக்க வேண்டும்.

ஐடி கார்டு கேட்கலாம், உள்ளே விட மறுக்கலாம், வெளியாளை வெளியே போகச் சொல்லலாம், ரிஜிஸ்டரில் நேரத்தோடு எழுதி பிரின்சிபாலுக்குச் சொல்லலாம். இவ்வளவும் தாராளமாகச் செய்யலாம்.

பெற்றோர்களே, முதல் வருடப் பிள்ளைகள் பலருக்குப் பதினெட்டு ஆகியிருக்காது. அப்படிப்பட்ட பிள்ளையைப் போலீஸ்கூட லாக்கப்பில் வைக்கக் கூடாது என்பது 2015ஆம் வருடத்துச் சிறார் நீதிச் சட்டம். உங்கள் பிள்ளையை எங்காவது உட்கார வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தால், எத்தனை மணியிலிருந்து, யார் சொல்லி என்று முதலில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். உடனே போலீசுக்குச் சொல்லுங்கள். வாசலில் நிற்கும் தம்பியின் சட்டையைப் பிடிக்க வேண்டாம்.

வக்கீலாக இருக்கும் நம் பிள்ளைகள் சேர்க்க வேண்டியது இருந்தால் கீழே எழுதுங்கள். செக்யூரிட்டி வேலையில் இருப்பவர்கள் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம், வீட்டில்தான் இருப்பேன்.